4,29,49,67,297 என்ற எண்ணைத் தாளும் பென்சிலுமாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பத்து இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, "இதைப் பற்றி என்னவெல்லாம் சொல்ல முடியும்?" என்று கேட்டால், பெரும்பாலோர் உடனே 2, 3, 5, 7 என்று வகுக்கத் தொடங்கிவிடுவார்கள். சிறிய எண்ணுக்கு அது போதும். பெரிய எண்ணில் அப்படி இறங்கினால் கை ஓய்ந்துவிடும். அந்த எண் எப்படி உருவானது என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டால் ஆயிரக்கணக்கான வகுத்தல்கள் நான்கைந்தாகச் சுருங்கிவிடும். இதை ஒரே ஓர் எண்ணை வைத்து முழுதாகச் செய்து பார்ப்போம். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. கணித வரலாற்றில் பெரிய கணிதமேதை ஒருவரின் கணிப்பைப் பொய்யாக்கிய எண் இது.

பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். ஒரு சாதாரண கால்குலேட்டர் பக்கத்தில் இருந்தால் வசதி.

படி 1: எண்ணின் பிறப்பைத் தேடுங்கள்

முதல் வேலை வர்க்கமூலம். கால்குலேட்டரில் போட்டால் கிட்டத்தட்டச் சரியாக 65536 வரும். சில கால்குலேட்டர்கள் வெறும் 65536 என்றே காட்டிவிடும், அதை நம்பிவிடாதீர்கள். 6இல் முடியும் எண்ணின் வர்க்கம் 6இல்தான் முடியும், நம் எண்ணோ 7இல் முடிகிறது. உண்மையில் 7இல் முடியும் எந்த எண்ணும் முழு வர்க்கமாக இருக்க முடியாது. 65536 × 65536 பெருக்கிப் பார்த்தால் 4294967296. ஆக நம் எண் 65536² + 1.

65536 யார்? 2ஐ 16 முறை பெருக்கினால் வருவது. அப்படியானால் நம் எண் 2³² + 1. இந்த ஒரு வரிதான் இனி வரும் எல்லாவற்றுக்கும் சாவி. இரும முறையில் எழுதினால் ஒரு 1, நடுவில் 31 பூஜ்யங்கள், கடைசியில் ஒரு 1. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே.

இந்த எண் தனியாக நிற்பதும் இல்லை. 2¹ + 1 = 3, 2² + 1 = 5, 2⁴ + 1 = 17, 2⁸ + 1 = 257, 2¹⁶ + 1 = 65537. அடுக்கு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிறது. இந்த ஐந்தும் பகா எண்கள். அடுத்தது நம் எண். பிரான்சைச் சேர்ந்த பியர் டி ஃபெர்மா 1640இல் எழுதிய கடிதத்தில், இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று தாம் நம்புவதாகச் சொன்னார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அதனால் இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்றே பெயர்.

படி 2: சின்ன எண்களைச் சட்டென்று கழித்துவிடுங்கள்

கடைசி இலக்கம் 7, எனவே 2உம் 5உம் போயின. இலக்கங்களின் கூடுதல் 59, அது 3ஆல் வகுபடாது. 7, 11, 13 மூன்றையும் ஒரே கணக்கில் பார்த்துவிடலாம், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள்: 297 − 967 + 294 − 4 = −380. இந்த 380ஐ 7, 11, 13 எதுவும் வகுக்காது. ஆக மூன்றும் போயின.

படி 3: எவ்வளவு தூரம் தேட வேண்டும்?

ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணி கட்டாயம் இருக்கும். நம் எண்ணுக்கு எல்லை 65536. அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுப்பது என்றால் வாரக்கணக்கில் ஆகும்.

இங்கே ஒரு சிறிய அழகு உண்டு. முந்தைய ஐந்து ஃபெர்மா எண்களையும் பெருக்கிப் பாருங்கள். 3 என்பது 2² − 1. அதை 5ஆல் பெருக்கினால் 2⁴ − 1. 17ஆல் பெருக்கினால் 2⁸ − 1. இப்படியே 257, 65537 வரை போனால் 2³² − 1, அதாவது 4294967295. நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. எனவே நம் எண்ணையும் அந்த ஐந்தில் ஒன்றையும் பொதுவாக வகுக்கும் எண் 2ஐயும் வகுத்தாக வேண்டும். எல்லாமே ஒற்றைப்படை, எனவே பொதுக் காரணியே கிடையாது. 3, 5, 17, 257, 65537 ஐந்தும் வகுக்காமலே விலகின. சரி, இன்னும் ஆறாயிரத்துக்கு மேல் பாக்கி.

படி 4: காரணி எந்த வடிவில் இருக்க முடியும் என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியின் நெஞ்சு இந்தப் படிதான். நிதானமாகப் படியுங்கள்.

நம் எண்ணை ப என்ற பகா எண் மீதியின்றி வகுப்பதாக வைத்துக்கொள்வோம். 2³² + 1 என்பது பவால் வகுபடுகிறது, எனவே 2³²ஐ பவால் வகுத்தால் மீதி −1 (அதாவது ப − 1). இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 2⁶⁴இன் மீதி 1.

இப்போது 2, 4, 8, 16 என்று 2இன் அடுக்குகளை வரிசையாக பவால் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போவதாக நினையுங்கள். மீதி 1 வந்ததும் வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 64ஆம் இடத்தில் 1 வருகிறது, எனவே சுழற்சியின் நீளம் 64ஐ வகுக்கும் எண்: 1, 2, 4, 8, 16, 32, 64. ஆனால் 32ஆம் இடத்தில் மீதி −1, அங்கே 1 இல்லை. நீளம் 32 ஆகவோ அதை வகுக்கும் எண்ணாகவோ இருந்திருந்தால் அங்கே 1 வந்திருக்கும். எனவே நீளம் துல்லியமாக 64.

அப்புறம் ஃபெர்மாவின் சிறு தேற்றம்: ப ஒற்றைப்படைப் பகா எண் என்றால் 2இன் (ப − 1)ஆம் அடுக்கின் மீதி 1. ஆகவே ப − 1 என்பது 64இன் மடங்கு. அதாவது, ப = 64க + 1, இங்கே க ஒரு முழு எண்.

இந்தச் சிறு தேற்றத்தையும் ஃபெர்மா அதே 1640இல்தான் சொன்னார். தம் கணிப்பைச் சோதிக்கத் தேவையான கருவி அவர் கையிலேயே இருந்தது.

64க + 1 வடிவ எண்களில் முதல் பத்தை வரிசையாக எழுதுங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகு எண்களை அடித்துவிட்டால் 193, 257, 449, 577, 641 மட்டுமே மிஞ்சும். 257 ஏற்கெனவே போய்விட்டது. விடை இந்த நான்குக்குள்ளேயே கிடைத்துவிடும் என்பதை அடுத்த படியில் பார்ப்போம். 6542 எங்கே, நான்கு எங்கே!

படி 5: பெரிய எண்ணை வகுக்காமல் மீதி காணுங்கள்

பத்து இலக்க எண்ணை நேரடியாக வகுக்கத் தேவையில்லை. 65536ஐ மட்டும் வகுத்து மீதி எடுங்கள், அதை வர்க்கப்படுத்தி மறுபடி மீதி எடுங்கள், 1 கூட்டுங்கள். அவ்வளவுதான்.

193ஐ எடுத்தால், 65536இன் மீதி 109. 109² = 11881, அதன் மீதி 108. ஒன்று கூட்டினால் 109, பூஜ்யம் இல்லை.

449: 65536 = 449 × 146 − 18. எனவே மீதியை −18 என்று எடுத்துக்கொள்ளலாம், கணக்கு எளிது. வர்க்கம் 324, ஒன்று கூட்டினால் 325. இல்லை.

577: மீதி 335, அதன் வர்க்கத்தின் மீதி 287, கூட்டினால் 288. இல்லை.

641: 65536 = 641 × 102 + 154. அடுத்து 154² = 23716. இதோடு 1 கூட்டினால் 23717. அது 641 × 37. மீதியே இல்லை!

641 வகுக்கிறது. 4294967297 = 641 × 6700417. ஃபெர்மாவின் கணிப்பு இங்கே உடைந்தது. கணிதமேதை லெயோனார்ட் ஆய்லர் இதை ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தபோது 1732இல் அறிவித்தார். அவரை இந்தப் பக்கம் திருப்பியவர் நண்பர் கோல்ட்பாக். ஃபெர்மாவின் கூற்றை நீங்கள் கவனித்தீர்களா என்று 1729இல் கடிதத்தில் கேட்டிருந்தார்.

641 வகுக்கும் என்பதை வகுக்காமலே காட்டவும் முடியும். 641 என்பது 5 × 2⁷ + 1. அதே 641 என்பது 5⁴ + 2⁴ (625 + 16). முதல் வடிவத்திலிருந்து, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாம் வடிவத்திலிருந்து 5⁴க்குப் பதில் −2⁴ போடலாம். கிடைப்பது: −2³²இன் மீதி 1. அதாவது 2³² + 1 வகுபடுகிறது. மூன்றே வரி. எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்குச் சலிக்காத நிரூபணம் இது.

இதில் ஓர் உபரிப் பரிசும் இருக்கிறது. 10⁸ஐ 641ஆல் வகுத்தாலும் மீதி அதே 154தான். எனவே 10¹⁶ + 1, அதாவது 1க்கும் 1க்கும் நடுவே 15 பூஜ்யங்கள் உள்ள எண்ணும், 641ஆல் வகுபடும். 1 ÷ 641ஐத் தசமமாக எழுதினால் 32 இலக்கங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதற்கும் இதுதான் காரணம்.

படி 6: மிஞ்சிய காரணியைச் சும்மா விடாதீர்கள்

பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். 6700417 பகா எண்ணா என்று பார்க்காமல் வேலை முடியாது. அதன் வர்க்கமூலம் 2588க்குச் சற்று மேல். அதன் பகாக் காரணிகளும் நம் எண்ணின் காரணிகளே, எனவே 64க + 1 நிபந்தனை அவற்றுக்கும் பொருந்தும்.

நிபந்தனையை இன்னும் இறுக்கலாம். அ = 2²⁴ − 2⁸ என்று ஓர் எண்ணை எடுங்கள். அதன் வர்க்கம் 2⁴⁸ − 2 × 2³² + 2¹⁶. பவால் வகுக்கும்போது 2³²க்குப் பதில் −1 போடலாம், அப்போது 2⁴⁸ என்பது −2¹⁶ ஆகிவிடும். அதுவும் கடைசி 2¹⁶உம் அடிபட்டுப் போக, நடு உறுப்பிலிருந்து 2 மட்டும் மிஞ்சும். ஆக அ²இன் மீதி 2! 2இன் சுழற்சி நீளம் 64. 2ஐ வர்க்கமாகக் கொடுக்கும் அவின் சுழற்சி 128 ஆகிறது. படி 4இன் வாதத்தையே திரும்பச் செய்தால் ப = 128க + 1. பிரான்சின் எட்வர்ட் லூக்கா 1878இல் கொண்டுவந்த மேம்பாடு இது. இது ஆய்லர் காலத்திலேயே இருந்திருந்தால், 257ஐ ஏற்கெனவே விலக்கிவிட்டோம் என்பதால், அவர் சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641ஆக இருந்திருக்கும்.

2588க்குள் 128க + 1 வடிவப் பகா எண்கள் ஐந்துதான்: 257, 641, 769, 1153, 1409. 257ஐ விட்டுவிட்டு மற்றவற்றால் 6700417ஐ வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் பூஜ்யம் இல்லை. எனவே 6700417 பகா எண். ஏழு இலக்க எண் ஒன்று பகா எண் என்று நான்கே வகுத்தலில் நிறுவிவிட்டோம்.

படி 7: காரணிகளிலிருந்து மற்றப் பண்புகளை எடுங்கள்

இது வேகமாக முடியும். வகுத்திகள் நான்கு: 1, 641, 6700417, அந்த எண். அவற்றின் கூடுதல் 642 × 6700418 = 4301668356. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் 6701059 மட்டுமே, எண்ணைவிட மிகமிகக் குறைவு, எனவே இது குறைவெண் வகையைச் சேரும். எண்ணுக்குள் அதனோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்றால் 640 × 6700416 = 4288266240.

படி 8: இரண்டு வர்க்கங்களின் கூடுதல்

இங்கே கொஞ்ச நேரம் தங்கலாம். நம் எண் 65536² + 1² என்பது பிறப்பிலேயே தெரியும். இரண்டு காரணிகளும் 4ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்கள். அப்படிப்பட்ட ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே விதத்தில் எழுதலாம். 641 = 25² + 4² என்பது சுலபமாகக் கிடைக்கும். 6700417க்கு? (25 × 65536 − 4) ÷ 641 = 2556. (4 × 65536 + 25) ÷ 641 = 409. சரிபாருங்கள்: 2556² + 409² = 6533136 + 167281 = 6700417.

இரண்டு வர்க்கக் கூடுதல்களைப் பெருக்கினால் மறுபடி இரண்டு வர்க்கக் கூடுதலே வரும், அதுவும் இரண்டு விதமாக. 628ஆம் ஆண்டு பிரம்மஸ்புட சித்தாந்தத்தை எழுதிய பிரம்மகுப்தரின் பெயரால் வழங்கும் முற்றொருமை இதற்கு உதவுகிறது. நான்கு பெருக்கல்கள் போதும்: 25 × 2556 = 63900, 4 × 409 = 1636, 25 × 409 = 10225, 4 × 2556 = 10224.

முதல் இரண்டைக் கூட்டினால் 65536. கடைசி இரண்டைக் கழித்தால் 1. நம் பழைய வடிவம் அப்படியே வந்துவிட்டது. இப்போது மாற்றிச் செய்யுங்கள்: முதல் இரண்டைக் கழித்தால் 62264, கடைசி இரண்டைக் கூட்டினால் 20449. எனவே

4294967297 = 65536² + 1² = 62264² + 20449².

20449 தானே 143இன் வர்க்கம் என்பது தற்செயலாக வந்து சேர்ந்த அழகு.

இதன் மதிப்பு இன்னொன்றிலும் இருக்கிறது. ஓர் எண்ணை இரண்டு வெவ்வேறு விதமாக இப்படி எழுத முடிந்தால் அது பகா எண் அல்ல என்பதும், அந்த இரண்டு வடிவங்களிலிருந்தே காரணிகளை எடுக்கலாம் என்பதும் ஆய்லர் கையாண்ட முறை. செய்து பாருங்கள். 65536 − 62264 = 3272. 20449 + 1 = 20450. இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 818. அதனால் வகுத்தால் 4உம் 25உம் கிடைக்கின்றன: 4² + 25² = 641. அதே 3272ஐ 20449 − 1 = 20448உடன் சேர்த்தால் பொதுக் காரணி 8, கிடைப்பவை 409உம் 2556உம். மற்றக் காரணி! இரண்டாம் வடிவத்தை வெறுங்கையால் தேடுவது கடினம்தான். ஆனால் கிடைத்துவிட்டால் பூட்டு தானாகத் திறக்கும். பயிற்சிக்கு 1000009ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 1000² + 3² = 972² + 235².

ஃபெர்மாவுக்கும் ஒரு காரணி காணும் முறை உண்டு. எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவது அது. நம் எண்ணுக்கு 3350529² − 3349888². 65537இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறினால் இங்கே வந்து சேர 32 லட்சத்துக்கு மேற்பட்ட சோதனைகள் தேவை. காரணிகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால்தான் அந்த முறை உதவும், 641உம் 6700417உம் வெகுதூரம்.

படி 9: பகாத்தன்மைச் சோதனை ஏமாற்றும் இடம்

காரணி தெரியாமலே ஓர் எண் பகு எண்ணா என்று பார்க்கச் சிறு தேற்றத்தைப் பயன்படுத்துவார்கள். 2இன் அடுக்காக (எண் − 1)ஐப் போட்டு, எண்ணால் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. நம் எண்ணுக்கு அடுக்கு 2³². 2⁶⁴இன் மீதி 1, 2³² என்பது 64இன் மடங்கு, எனவே மீதி 1தான் வரும். சோதனையில் தேறிவிடுகிறது, ஆனால் பகா எண் அல்ல! இப்படிப்பட்டவை போலிப் பகா எண்கள். எந்த ஃபெர்மா எண்ணை எடுத்தாலும் 2ஐ வைத்து அதைப் பிடிக்க முடியாது.

அடிமானத்தை 3 ஆக்குங்கள். 3ஐ 32 முறை அடுத்தடுத்து வர்க்கப்படுத்தி ஒவ்வொரு முறையும் மீதி எடுத்தால் கடைசியில் 3029026160 வரும். 1 இல்லை, எனவே பகு எண். ஃபெர்மா இதைச் செய்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

கணினியில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எதிர்மறை எண்கள் இல்லாத 32 பிட் முழு எண் வகையில் 4294967295 வரைதான் இடம். நம் எண்ணைப் போட்டால் சுற்றி வந்து வெறும் 1 ஆகிவிடும். 64 பிட் எடுத்தாலும் இந்தச் சோதனையின் இடைப் பெருக்கல்கள் 2⁶⁴ஐத் தொடலாம். பைத்தான் போல எல்லையில்லா முழு எண் உள்ள மொழியில் செய்வது நல்லது.

படி 10: பக்கத்து எண்ணையும் பாருங்கள்

கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு 17 பக்கச் சீரான பலகோணத்தை அமைக்கலாம் என்று 1796இல் ஜெர்மனியின் இளம் கணிதமேதை காஸ் கண்டுபிடித்தார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது ஃபெர்மா பகா எண்ணாகவோ வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாகவோ இருந்தால்தான் முடியும். மற்றவற்றை அமைக்க முடியாது என்பதற்கு முழு நிரூபணம் தந்தவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் வான்ட்செல், 1837இல். நம் எண்ணின் காரணிகள் அப்படிப்பட்டவை அல்ல, எனவே அத்தனை பக்கங்கள் உள்ள பலகோணத்தை அமைக்க முடியாது. ஆனால் இரண்டு குறைவான 4294967295 என்பது 3 × 5 × 17 × 257 × 65537. அதை அமைக்க முடியும். அமைக்கத்தக்கதென்று இன்று நாம் அறிந்த ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களிலேயே பெரியது அதுதான், ஏனென்றால் அந்த ஐந்தைத் தாண்டி வேறு ஃபெர்மா பகா எண் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

முறை கைவந்துவிட்டதா என்று பார்க்க அடுத்த ஃபெர்மா எண்ணை எடுங்கள்: 2⁶⁴ + 1 = 18446744073709551617. அதே வாதத்தால் அதன் காரணிகள் 256க + 1 வடிவில் இருக்க வேண்டும். க = 1071 வரை போனால் 274177 வரும். 65536இன் வர்க்கத்தை 274177ஆல் வகுத்தால் மீதியை −15409 என்று எழுதலாம். அதையும் வர்க்கப்படுத்தி ஒன்று கூட்டினால் 237437282, அது 274177 × 866. லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 1880இல், எண்பது வயதைத் தாண்டியபின், இந்த எண்ணின் காரணிகளை வெளியிட்டார்: 274177, 67280421310721.